அப்கிரேடு அண்ணன்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பேட்டைக்குப் பேட்டை ஒரு பாக்சிங் வாத்தியார், ஒரு கேரம் சாம்பியன், ஒரு புல்லட் மெக்கானிக் இருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் சினிமாவில் இடம் கிடைத்துவிட்டது. இன்னொரு ஆளும் இருக்கிறார். அவரை வைத்து யாரும் படம் எடுக்கப்போவதில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுவதை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பதை எத்தனை ரீல் எடுக்க முடியும்?

பகலில் அவருக்குக் கன்டெய்னர் யார்டு ஒன்றில் ‘சிஸ்டம் பார்க்கிற’ வேலை. சாயங்காலம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர்களுக்கு நடுவே பைக்கை நுழைத்து நுழைத்து ஊருக்குள் வருவார். முதுகுப் பையில் நாலைந்து பென் டிரைவ், ஒரு லேன் ஒயர், ஒரு திருப்புளி, மத்தியானம் சாப்பிட மறந்த டிபன் பாக்ஸ்.

இந்த வகை அண்ணன்களில் பலர் 2011-ன் பிள்ளைகள். அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸ் இருந்தது. கூடவே சென்னை சி-டாக் மையத்தில் உருவான ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. மிஷினைப் போட்டதும் எது வேண்டும் என்று அது கேட்கும். வகுப்பே ஒரு பக்கம் போக, இவர் மட்டும் மற்றதை அமுக்கினார். பாஸ், டெபியனின் வழி வந்தது. டெபியனை 1993-ல் தொடங்கியவர் அமெரிக்க மாணவர் இயன் முர்டாக். இயன் பெயரோடு காதலி டெப்ராவின் பெயரைச் சேர்த்துத்தான் டெபியன் என்று வைத்தார் என்பதைத் தன் கல்யாண ரிசப்ஷனில் அண்ணன் மைக்கில் சொல்லியிருக்கிறார். மணப்பெண் வீட்டார் ஏதோ சர்ச் விஷயம் என்று நினைத்துக் கை தட்டினார்களாம்.

மற்றவர்களுக்கு ஆடித் திருவிழா, மாசி மகம். அண்ணனுக்கு ஏப்ரல். டெபியன் வழி வந்த இன்னொரு லினக்ஸான உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அந்த மாதத்தில்தான் வரும். வந்ததும் பழைய பதிப்புக்காரர்களை அது கூப்பிட்டுவிடாது. சில மாதம் பொறுத்து, முதல் திருத்தமான ‘புள்ளி ஒன்று’ வந்த பிறகுதான் “ஏறிக்கொள்ளலாம்” என்று அழைப்பு. விவரமான ஏற்பாடு. ஆனால் கட்டளைக்குப் பின்னால் ‘மைனஸ் டி’ என்று சேர்த்தால் காத்திருக்க வேண்டாம். அந்த ‘டி’ தனக்காகவே வைக்கப்பட்டது என்பது அண்ணனின் துணிபு. 2024 ஏப்ரலில் 24.04 வந்தது. ஆகஸ்ட் கடைசியில் புள்ளி ஒன்று வந்து, அழைப்பு கிளம்பி, அப்கிரேடு நிரலில் கோளாறு என்று அதையும் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள். அதற்குள் அண்ணன் புண்ணியத்தில் நம்ம பக்கத்துக் கடைகள் எல்லாக் கோளாறையும் பார்த்து முடித்திருந்தன.

காலடிப்பேட்டைப் பக்கம் போஸ்டர் அடிக்கிற கடை ஒன்று. “திருட்டு சாப்ட்வேர்ல சாவு போஸ்டர் அடிச்சா ஆத்மா சாந்தியாவுமா?” என்று அண்ணன் ஒரு நாள் கேட்டுவிட்டார். கடைக்காரர் பயந்துபோய் லினக்ஸுக்கும் அதில் ஓடும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுக்கும் மாறினார். ரெண்டு வருஷம் குறையொன்றும் இல்லை. நன்றாக ஓடும் மிஷின் அண்ணன் கண்ணை உறுத்தும். ஒரு ராத்திரி அப்கிரேடு போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தார். ‘கண்ணீர் அஞ்சலி’ போஸ்டர் மத்தியானத்துக்குள் சுவரேற வேண்டும். இங்க்ஸ்கேப் திறக்கவில்லை. தமிழ்99 விசைப்பலகையையும் காணோம்.

“இன்னா எரர் வந்துச்சி? அப்பிடியே படி.”

“ஏதோ இங்கிலீஷ்ல வருதுண்ணா.”

“ஏதோன்னா? டாக்டராண்ட போயி ஏதோ வலிக்குதும்பியா?”

எரரை முழுசாக வாசிக்கிறவன் மனுஷன், மூடிவிட்டேன் என்கிறவன் ஜென்மம். அண்ணனின் சாதிப் பிரிவினை இவ்வளவுதான்.

நேரில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒரு தேஜஸ். ஆப்ட் என்கிற நிர்வாகி ‘உடைந்த பொதிகளைப் பிடித்து வைத்திருக்கிறாய்’ என்று குற்றம் சாட்டியிருந்தது. கடைக்காரர் முன்பு கிளியரிங் ஆபீஸ் பையனாக ஹார்பரில் பேப்பர் தூக்கி அலைந்தவர். ஆகவே விளக்கமும் அந்த பாஷையிலேயே வந்தது. “அவுட் ஆஃப் சார்ஜ் போடாம பெட்டி வெளிய வருமா? லைன்காரன் டி.ஓ. தராம கேட்டாண்ட வுடுவானா? அதே கததான். இங்க்ஸ்கேப்புக்கு பாப்ளர்னு ஒண்ணு வோணும். நீ வச்சிருந்த இங்க்ஸ்கேப் வெளியாள் கிட்ட வாங்கினது, பி.பி.ஏ. அது கேக்கறது பழைய பாப்ளரு. புது ஊருல இருக்கறது புது பாப்ளரு. அப்கிரேடு வரும்போதே வெளியாளுங்க கடைய எல்லாம் சாத்திட்டுத்தான் வரும். ரெண்டு பேப்பரும் ஒத்துப்போவல. அதான் பெட்டி நிக்குது.”

“பெரியவரும் நிக்கிறாருண்ணா, ஐஸ் பொட்டில.”

இப்படிப்பட்ட நெருக்கடிக்கு எளிய வழி உண்டு. வெளியாளின் இங்க்ஸ்கேப்பை நீக்கிவிட்டு உபுண்டு தருவதையே போட்டுக்கொள்வது. அண்ணனுக்கும் தெரியும். ஆனால் அது ருசி இல்லாத வழி. காரணம் தெரியாமல் குணமாவதை அவர் மனசு ஏற்காது. ஆப்டின் கையாளான டிபிகேஜியைக் கூப்பிட்டுப் பாதியில் விட்டதையெல்லாம் முடிக்கச் சொன்னார். பூட் பகுதி பழைய கெர்னல்களால் நிரம்பியிருந்தது; கழித்தார். நடுவில் பூட்டுக் கோப்பு குறுக்கே வந்தது: இன்னொருவர் உள்ளே வேலை பார்க்கிறார், பொறு. கடைப் பையன் அதை அழிக்கப் போக, “கைய வச்ச, அவ்ளோதான்! உள்ள தானா அப்டேட் ஓடிக்கினு கீது. பாத்ரூம்ல ஆள் இருந்தா கதவ ஒடப்பியா?” என்று பாய்ந்தார்.

ஓடி முடியும்வரை சொல்ல அவரிடம் ஒரு காவியம் இருக்கிறது. 2021 நவம்பரில் கனடாவின் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் விளையாட்டுகளுக்கான ஸ்டீம் போடப் போனார். அபாயமான காரியம், தொடர வேண்டுமானால் ‘எஸ், டூ ஆஸ் ஐ ஸே’ என்று தட்டு என்றது ஆப்ட். ‘ஆமா, நான் சொல்றத செய்.’ தட்டினார். சொன்னதைச் செய்தது. டெஸ்க்டாப் முழுசும் போய்விட்டது. உலகமே பார்த்தது. பிறகு அந்த வாசலையே ஆப்ட்காரர்கள் இன்னும் கெட்டியாக அடைத்தார்கள். இதைச் சொல்லும்போது அண்ணன் எழுந்து நின்று சொல்வார். வீட்டில் தான் சொல்வதை யாரும் கேட்காத ஒரு மனிதரின் ஏக்கம் அதில் இருப்பதாக எனக்குப் படும்.

சுத்தமானவர் என்று நினைக்க வேண்டாம். ரகசியப் பாவங்களும் உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறிய 22.04-ல் பழைய லிப்எஸ்எஸ்எல் 1.1 கிடையாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு ஏதோ ஒரு டிரைவர் அதையே கேட்டு அடம்பிடிக்க, முந்தைய பதிப்பின் கிடங்கிலிருந்து ஒரு டெப் கோப்பைக் கொண்டுவந்து சொருகியிருக்கிறார். ஊருக்கு உபதேசம் வேறு. புது உபுண்டுவில் பிப் போட்டுப் பைத்தான் பொதியை நேரே இறக்கப் போனால், இது நிர்வாகம் செய்யப்படும் இடம், வெளியே தனிச் சூழல் கட்டிக்கொள் என்று தடுக்கும். மீறுவதற்கான சொல் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’. பெயரிலேயே உடைப்பதை வைத்த நேர்மையை அண்ணன் மெச்சுவார். மெச்சிவிட்டு, யாரும் பார்க்காதபோது அதையே போடுவார்.

பெரியவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இங்க்ஸ்கேப் சாயங்காலம் திறந்தது. ‘கண்ணீர் அஞ்சலி’யை அழித்துவிட்டுப் ‘பதினாறாம் நாள் காரியம்’ என்று தமிழ்99-ல் அண்ணனே தட்டிக் கொடுத்தார். துட்டு வாங்க மாட்டார். காசிமேட்டிலிருந்து வந்த வஞ்சிரம் என்றால் மறுக்கவும் மாட்டார்.

கடைக்காரர் அப்போது ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரமே ஒரு செகண்ட் ஹேண்ட் விண்டோஸ் மிஷின் வாங்கி, கடையின் பின்பக்கம் வைத்து, யாரோ ஒரு வட்டச் செயலாளரின் பழைய பிறந்தநாள் பேனரைப் போட்டு மூடினார். ஆறு மாதம் ரகசியம் காத்தார். ஒரு நாள் அண்ணன் டீயோடு உள்ளே நுழைந்தவர், செயலாளரின் வயிற்றுப் பகுதி லேசாகச் சூடாக இருப்பதைக் கவனித்தார். துணியைத் தூக்கினார். கடைக்காரருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அண்ணன் கோபப்படவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டுக் குந்தினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்னு கேக்குதே. எத்தினி நாளா கேக்குது?”

“அண்ணா, வேணாண்ணா, நாளைக்கு மூணு கல்யாண பேனரு…”

“சும்மா இருபா, அஞ்சு நிமிஷம்,” என்று அண்ணன் மவுசை நகர்த்தினார்.