இரண்டு வரி வள்ளல்

எங்கள் டீம் லீடைப் போல ஒருவர் கிடைக்க மற்றவர்கள் தவம் இருக்க வேண்டும். எங்களுக்குத் தவம் இல்லாமலே கிடைத்துவிட்டார். ஒன்பது வருஷமாக சென்னை ஓஎம்ஆரில் வெப் டெவலப்பராகக் குப்பை கொட்டுகிறேன். இப்படியொரு பெருந்தன்மையை வேறெங்கும் கண்டதில்லை.

நேரத்தை அவர் மதிக்கிற அழகைச் சொல்ல வேண்டும். காலை ஸ்டாண்ட்-அப் 15 நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது என்பது ஸ்க்ரம் சாத்திரம். அந்த 15 நிமிஷத்தை அவர் அப்படியே தாமதமாக வருவதற்கு ஒதுக்கிவிட்டார். 10:15க்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து, நின்றுகொண்டிருக்கிற எங்களிடம் சுறுசுறுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் 11:20க்கு மூச்சு விடுவார். எட்டுப் பேரின் ஒரு மணி நேரத்தை ஒரே ஆளாகச் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சமும் களைப்பில்லாமல் அடுத்த மீட்டிங்குக்குக் கிளம்புகிறவரை நான் அவரைத் தவிர வேறு யாரையும் பார்த்ததில்லை.

மனிதர்கள் மேல் அவருக்குள்ள நம்பிக்கையும் லேசுப்பட்டதல்ல. ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற பெரிய வேலையைக் கட்டி மேய்த்த ஃபிரெட் புரூக்ஸ், 1975இல் ஒரு புத்தகம் எழுதினார். தாமதமாகிப்போன புராஜெக்டில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அவர் கண்ட உண்மை. புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பழையவரின் நேரம் போய்விடும். தலை கூடக் கூடப் பேச்சும் கூடும். எங்கள் லீடு மனிதர்களை அப்படிக் குறைத்து எடைபோடுகிறவரல்ல. ரிலீஸுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் நான்கு ஃப்ரெஷர்களைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஊர் கூடித் தேர் இழுப்போம்" என்றார். நால்வருக்கும் லேப்டாப் வந்துசேரவே ஒன்பது நாள் ஆனதால், புரூக்ஸ் பயந்த அளவுக்குக் கெடுதல் எதுவும் நடக்கவில்லை.

டெஸ்ட் எழுதுவதில் அவர் கறார். இருநூற்றுச் சொச்சம் டெஸ்ட்களை எங்களை எழுதவைத்து, ஃபோல்டர் ஃபோல்டராக அடுக்கி, கிளையன்ட் வரும்போதெல்லாம் திறந்து காட்டுவார். அதியமானுக்காகத் தூது போன ஔவையார் தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலில் பார்த்ததும் இதே மினுமினுப்பைத்தான். எங்கள் டெஸ்ட்களை ஒருநாள்கூட ஓடவிட்டு அழுக்காக்கியது கிடையாது.

ஆனால் அவருடைய முழு விஸ்வரூபத்தைக் காண ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டும். எனக்கு அந்தப் பாக்கியம் போன மாதம் வாய்த்தது. மணி 5:40. மகளோடு இரவுக் காட்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தேன், பையை மாட்டிக்கொண்டிருந்தேன். லீடு தன் லேப்டாப்பைத் திறந்தார். "ஒண்ணுமில்ல, ரெண்டு லைன்தான். டெலிவரி சார்ஜை விலையோட கூட்டணும், நானே போட்டுடறேன்." ஜூனியர்களுக்குச் சிரமம் வைக்காத மனசு அது. அவர் கையில் இருந்தது புதன்கிழமைப் பிரதி. வியாழனும் வெள்ளியும் நாங்கள் சேர்த்ததெல்லாம் சர்வரில் இருந்ததால், எங்கள் கோடின் கணக்குப்பிள்ளையான கிட் அவருடைய புஷ்ஷை ஏற்க மறுத்தது. 'ஃபோர்ஸ் வித் லீஸ்' என்று ஒரு கட்டளை உண்டு. நாம் பார்க்காத வேலையை நடுவில் வேறு யாராவது ஏற்றியிருந்தால் அது தடுத்துவிடும். அதெல்லாம் சந்தேகப் பிராணிகளுக்கு. அவர் வெறும் 'ஃபோர்ஸ்' போட்டார். எட்டுப் பேரின் இரண்டு நாள் உழைப்பு சர்வரை விட்டுப் போயிற்று. பற்றறுப்பைப் பற்றிப் பேசுகிற பெரியவர்கள் நாட்டில் நிறைய. அதை ஒரே என்டர் தட்டலில் அருளியவர் இவர்தான்.

ஏழு மணிக்கு முதல் போன். கிளையன்ட்டின் ஆன்லைன் கடையில் 499 ரூபாய் தோசைக்கல் வாங்கப் போன ஒரு அம்மாவுக்கு, 40 ரூபாய் டெலிவரியும் சேர்த்து மொத்தம் 49,940 ரூபாய் என்று காட்டியிருக்கிறது. "ஏம்ப்பா, தங்கத்துல செஞ்சதா?" என்று கேட்டாராம்.

விஷயம் இவ்வளவுதான். வெப் பக்கத்திலிருந்து எடுத்த விலை ஜாவாஸ்கிரிப்டின் கண்ணுக்கு எண் அல்ல, எழுத்து. எழுத்தோடு எண்ணைக் கூட்டச் சொன்னால் அது கூட்டாது, ஒட்டிவைக்கும். 499க்குப் பக்கத்தில் 40. கழிக்கச் சொல்லியிருந்தால் சரியாகக் கழித்துத் தந்திருக்கும். தள்ளுபடிக்கு வேலை செய்த கோடு டெலிவரிக்குக் காலை வாரியதும் இதனால்தான். இந்த மொழியை பிரெண்டன் ஐக் 1995 மே மாதம் பத்தே நாளில் செய்துமுடித்தார் என்பது எங்கள் லீடுக்கு மனப்பாடம். "பத்து நாள்ல ஒரு லாங்வேஜே செஞ்சான், உனக்கு ஒரு பட்டனுக்கு மூணு நாளா?" என்று வாரம் ஒருமுறையாவது கேட்பார். அந்தப் பத்து நாளில் புகுந்த சில பிழைகளை இன்றுவரை எடுக்க முடியவில்லை, எடுத்தால் பழைய பக்கங்கள் உடைந்துபோகும் என்ற பின்கதையைச் சொல்லி அவர் எங்களை மனம் தளரவைத்ததில்லை.

திருத்தம் ஒரே வார்த்தை. அந்த வார்த்தையைப் போடவேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் ராத்திரி 1:15 ஆயிற்று. மாற்றக் குறிப்பில் அவர் எழுதியிருந்தது 'மைனர்' என்று மட்டும். தன் பெயரைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளாத அடக்கத்தால், நாங்கள் முதலில் எங்கள் கோடிலேயே குற்றம் தேடினோம். அவர் எட்டரைக்கே வீட்டுக்குப் போய்விட்டார், எங்கள் தலைக்கு மேல் நின்று தொந்தரவு செய்யக்கூடாது என்று. அவர் புண்ணியத்தில் அன்றைக்குத்தான் நான் ஓஎம்ஆரையே பார்த்தேன். மெட்ரோ வேலையில் மூச்சுத் திணறுகிற அதே சாலை. சோழிங்கநல்லூரிலிருந்து மத்திய கைலாஷ் இருபது நிமிஷம். மகள் டிக்கெட்டை ஃபிரிட்ஜ் மேல் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுத் தூங்கியிருந்தாள்.

திங்கட்கிழமை கிளையன்ட் காலில் அவர் பேசியதைக் கேட்டபோதுதான், பள்ளியில் தமிழ் ஐயா தலைபாடாக அடித்துக்கொண்டு நடத்திய மூவிடம் எனக்குப் புரிந்தது. "பசங்க ஒரு தப்பு பண்ணிட்டாங்க" – படர்க்கை. "நைட்டோட நைட்டா நான் சரி பண்ணிட்டேன்" – தன்மை ஒருமை. கால் முடிந்ததும் எங்களைப் பார்த்து, "இந்த சனிக்கிழமை நாம வந்து மிச்சத்தை முடிக்கிறோம்" என்றார். கேட்பவரையும் சேர்த்துச் சொல்லும் உளப்பாட்டுப் பன்மை. சொல்பவரும் அதில் அடக்கம் என்றுதான் இலக்கணம் சொல்கிறது. சனிக்கிழமை நாங்கள் எட்டுப் பேர் வந்தோம்.

சர்வரை விட்டுப் போன இரண்டு நாள் வேலை, மூலையில் கிடந்த ஒரு ஃப்ரெஷரின் புது லேப்டாப்பில் பெரும்பாலும் அப்படியே இருந்தது. கற்றுக்கொள்வதற்காக வெள்ளிக்கிழமை மதியம் இறக்கி வைத்திருந்தானாம். ஃப்ரெஷர்களைக் கொண்டுவந்தது யார்? ஆக, அந்தப் பெருமையும் லீடுக்கே. அப்ரைசலில் அதையும் எழுதியிருக்கிறார்.

பதவி உயர்வு வந்துவிட்டது. அடுத்த மாதம் முதல் மூன்று டீம்களுக்கு அவர் தலைவர். எங்கள் பங்குக்கு இனி மூன்றில் ஒரு பாகம்தான் கிடைப்பார், எப்படியோ தாங்கிக்கொள்வோம். மற்ற இரண்டு டீம் நண்பர்களே, வியாழக்கிழமை சாயங்காலமே எல்லாவற்றையும் ஒரு பிரதி இறக்கி வையுங்கள். வெள்ளிக்கிழமைக்கு சினிமா டிக்கெட் எடுக்காதீர்கள்.