பட்டினி கெடக்குறது பாம்பா, நீயா?

எய்யா பேராண்டி, சேதி வந்து சேந்துச்சு. லண்டனுக்குப் படிக்கப் போன புள்ள வேலையும் வாங்கி, தனி வீடும் புடிச்சுட்டான், அடுத்து ஒரு நல்ல காரியம் சொல்லுவான்னு உங்க அம்மா போனையே பாத்துக்கிட்டு கெடந்தா. நீயும் சொன்ன, "வீட்டுக்கு ஒரு ஆள் வந்துருக்கு"ன்னு. பொண்ணு பேரு என்னன்னு கேட்டாளாம். பால் பைத்தான்னியாம். இப்ப அது வந்ததுல இருந்து எதையும் திங்கலன்னு நீ அழுவுத, நீ அழுவுதன்னு அவ அழுவுதா.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதின்னு கேப்ப. காலம் பூராவும் வயக்காட்டுல சாரையோடயும் நல்ல பாம்போடயும் ஒண்ணா இருந்தவன் நான். ஒண்ணுக்காவது எரை ஊட்டுனதில்ல. அதனாலதான் அதுவ நல்லா இருக்கு. மிச்சத்துக்கு நம்ம மாட்டு டாக்டரம்மாகிட்ட கேட்டு வெச்சிருக்கேன். எது அவ சொன்னது, எது நான் சொன்னதுன்னு பிரிச்சுப் பாக்காத. ரெண்டையும் கேட்டு நட.

மொதல்ல உங்க ஆச்சி வைத்தியத்தைத் தள்ளி வை. விசயம் காதுல விழுந்த ஒடனே ஒரு டம்ளர் பாலும் ரெண்டு முட்டையும் வைக்கச் சொல்லுன்னு நிக்கா. பாம்புக்குப் பால் ஆகாரமே கெடையாது. தாகத்துல தவிக்கிற பாம்பு கண்ணு முன்னால எதை வெச்சாலும் வாய வைக்கும், ஆனா பால் அதுக்குச் செரிக்காது. புத்துல ஊத்துற பாலைக் குடிக்கிறது எறும்பு. உன் பாம்புக்குத் தேவை ஒரு கனமான கிண்ணத்துல தண்ணி. அது உள்ள எறங்கி உக்காந்தாலும் கவுராத கிண்ணமாப் பாத்து வை.

இப்ப விசயத்துக்கு வருதேன். இந்தப் பாம்புக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்காவுல மேற்குப் பக்கம். கானா, டோகோ, பெனின் நாடுகள்ல எலி வளையிலயும் கரையான் புத்துலயும் சுருண்டு கெடக்குற சாதி. பயந்தா தலையை நடுவுல ஒளிச்சுப் பந்தாச் சுருண்டுக்கும், பால்ங்கிற பேரு வந்ததே அதனாலதான். பெனின்ல உயிதான்னு ஒரு ஊர்ல இதுக்குக் கோயிலே இருக்கு. அங்க இதைக் கொல்ல மாட்டாவ, கும்புடுவாவ. கோயில் பாம்பை அப்பப்ப வெளிய விட்டுருவாவளாம், அதுவே போயி எரை தேடிக்கும். பூசாரி தட்டுல வெச்சு ஊட்டுறதில்ல.

நீ என்ன செஞ்ச? நடு ஹால்ல நாலு பக்கமும் கண்ணாடிப் பெட்டி, மேல லைட்டு, எதுக்க டிவி. வர்றவன் போறவன் எல்லாம் குனிஞ்சு பாத்து போட்டோ புடிக்கான். புதுசாக் கட்டி வந்த மருமவளை நடுவீட்டுல உக்கார வெச்சு, மாமியா, நாத்தனா, பக்கத்து வீட்டுக்காரின்னு எல்லாரும் சுத்தி நின்னு "தின்னும்மா, தின்னும்மா"ன்னா, அவளுக்குத் தொண்டையில எறங்குமா? அதுவும் பொண்ணு மாதிரிதான்னு நீயே சொல்லிட்ட. அந்த மரியாதையையாவது குடு.

மொத வாரம் அது இருக்குற பக்கமே திரும்பாத. தண்ணி மாத்து, அழுக்கை எடு, கையில தூக்காத. பெட்டிக்கு மூணு பக்கம் துணியோ அட்டையோ வெச்சு மறை. உள்ள ரெண்டு பொந்து வை, சூடான பக்கம் ஒண்ணு, குளுந்த பக்கம் ஒண்ணு. ரெண்டும் நெருக்கமா இருக்கணும். சுருண்டு உக்காந்தா முதுகும் வெலாவும் செவத்துல ஒட்டணும், அப்பத்தான் அதுக்கு நிம்மதி. நீ அரண்மனை மாதிரி வாங்கி வெச்சிருக்கன்னு போட்டோவுல பாத்தேன். அது உன் நிம்மதிக்கு வாங்குனது.

சூடுதான் பெரிய சங்கதி. நமக்கு வயித்துக்குள்ளயே அடுப்பு எரியுது, பாம்புக்கு வெளிய இருந்துதான் சூடு வரணும். ஒடம்பு குளுந்து கெடந்தா பசிக்காது, தின்னாலும் செரிக்காது, கக்கிரும். சூடான மூலையில 31ல இருந்து 33 டிகிரி, குளுந்த மூலையில 26 டிகிரி பக்கம். ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி. உள்ளங்கையை வெச்சுப் பாத்து "சூடாத்தான் இருக்கு"ன்னு சொல்லாத. மொபைலுக்குக் கொட்டுற காசுல நூத்துல ஒரு பங்கு போட்டு ரெண்டு வெப்பமானி வாங்கு. ஹீட்டருக்குத் தெர்மோஸ்டாட் இல்லன்னா இன்னைக்கே வாங்கி மாட்டு. இல்லன்னா ஒரு நாள் பாம்பு வெந்துரும்.

இவ்வளவும் செஞ்சு ஒரு வாரம் போன பொறவு எரையைப் பத்தி யோசி. கடையில ஐஸ்ல உறைஞ்ச எலி குடுத்தாவல்லா? முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல கீழ எறக்கி வை. மூடி வை, உன் தயிருக்குப் பக்கத்துல வைக்காத. மறுநாள் பொழுது சாஞ்ச பொறவு பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி, சுடுதண்ணியில முக்கி வை, நடு வயிறு வரைக்கும் உருகணும். அப்புறம் தொடைச்சுரு. மேல 38, 40 டிகிரி இருந்தா உசுரோட இருக்குற எலிச் சூடு. மைக்ரோவேவ்ல மட்டும் வைக்காத, வெடிக்கும். பொறவு அதே அடுப்புலதான நீ உப்புமா சூடு பண்ணணும்?

சூடு எதுக்குன்னு உனக்கு வெளங்கணும்னா, ஒரு நாள் அது தூங்கறப்ப மேல் உதட்டை உத்துப் பாரு. ஓரத்துல வரிசையாக் குழி குழியா இருக்கும். அந்தக் குழிதான் இருட்டுல அதுக்குக் கண்ணு. எலி ஒடம்புல இருந்து வர்ற அனலை அதை வெச்சுத்தான் கண்டுபுடிக்கும். ஆறிப் போன எலியை நீட்டுனா அதுக்கு அது கல்லு. லைட்டை அணைச்சுட்டு, நீள இடுக்கியில வால் பக்கமாப் புடிச்சு, பொந்து வாசல்ல இருந்து கொஞ்சம் தள்ளிக் காட்டு. நாக்கு மெதுவா வெளிய வந்து வந்து போகும். கழுத்து பின்னால மடங்கும். அப்ப நீ மூச்சு விடாத, செல்போனைத் தூக்காத, "சாப்புடு செல்லம்"னு கொஞ்சாத. கொத்திச் சுத்திக்கிட்டா இடுக்கியை விட்டுட்டு வெளிய போ. கொத்தலயா, எலியை வாசல்ல வெச்சுட்டுக் கதவை மூடு. விடிஞ்சும் கெடந்தா குப்பையில போடு, திரும்ப ஃப்ரிட்ஜ்ல வைக்காத. அடுத்த தடவை இன்னொரு வாரம் கழிச்சு. நாளுக்கு ஒரு எலின்னு முன்னால ஆட்டிக்கிட்டே இருந்தா, எலியைக் கண்டாலே அதுக்கு வெறுப்பு வந்துரும்.

எலி எம்புட்டுப் பெருசு? பாம்போட ஒடம்பு எங்கன ரொம்பப் பருமனோ அந்த அளவு. அதுக்கு மேல போவாத.

உசுரோட எலி விட்டா ஒடனே திங்கும்னு உன் சேக்காளி சொன்னானாமே. உண்மைதான், சிலது திங்கும். திங்கலன்னா? பசிச்ச எலி பாம்பு முதுகை எலும்பு தெரியக் கொறிச்சுரும். பாம்பு எலியைத் திங்கும்னு ஊரே சொல்லுது, எலி பாம்பைத் தின்ன கதை வளக்குறவனுக்குத்தான் தெரியும். அந்தப் பக்கம் போவாத.

ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்காத. தெனம் பதினாறு மணி நேரம் பட்டினி கெடக்கத் துட்டுக் குடுத்து ஒரு ஆப் வெச்சிருக்கியே, அதுக்கு மட்டும் ஃபாஸ்டிங்னு பேரு. பாம்பு ரெண்டு வாரம் வாய மூடிக்கிட்டு இருந்தா வியாதியா? இந்தச் சாதியே விரதத்துக்குப் பேர் போனது. கண்ணு நீலம் பூத்து மங்குச்சுன்னா சட்டை உரிக்கப் போவுதுன்னு அர்த்தம், அப்ப திங்காது. வளந்த ஆண் பாம்பு குளுரு காலத்துல துணை தேடுற நெனப்புல மாசக்கணக்காத் திங்காது. இந்த விசயத்துல உனக்கும் அதுக்கும் வித்தியாசம் ஒண்ணுதான். அதுக்குத் துணை தேடணும்னாவது தோணுது.

ஆயுசும் அதுக்குக் கெட்டி. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில 2020ல ஒரு பால் பைத்தான் முட்டை விட்டுச்சு, வயசு 62 இருக்கும்னாவ. கூட ஆண் பாம்பு இருந்தே பல வருசம் ஆச்சாம். உன் வீட்டுல இருக்குறது இந்த மாசம் செத்துருமோன்னு நீ பதறுத. உன் பேரன் காலத்துலயும் அது இருந்தாலும் இருக்கும். பேரன் வந்தாத்தான்.

அதுக்காகக் கண்ண மூடிக்கிட்டு இருன்னு சொல்லல. சமையக்கட்டு தராசுல வாரம் ஒரு தடவை நிறுத்து எழுதி வை. ஆச்சிக்கிட்ட தராசு சங்கதியைச் சொல்லாத. எடை நிக்குதுன்னா கவலை இல்ல. பத்துல ஒரு பங்கு கொறஞ்சுட்டா, மூச்சு விடறப்ப வீசிங் சத்தம் வந்தா, வாயில நுரையோ சீழோ தெரிஞ்சா, செதிலுக்கு இடையில கறுப்புப் புள்ளியா உண்ணி ஊர்ந்தா, பாம்பு வைத்தியம் தெரிஞ்ச டாக்டரைப் பாரு. நாய் பூனைக்கு ஊசி போடுறவர்கிட்ட போனா அவர் மேசை மேல ஏறி நின்னுக்குவார். வாயைப் பொளந்து எரையைத் திணிக்கிற வேலையை நீயா ஒரு நாளும் செய்யாத.

தின்ன பொறவு ரெண்டு நாளைக்குக் கை வைக்காத, கக்கிரும்.

லீவுக்கு வர்றப்ப பெட்டியில போட்டுக் கொண்டாரலாம்னு நெனைக்காத. மெட்ராஸ் ஏர்போர்ட்ல வெளிநாட்டுப் பெட்டியைத் தொறந்தா பைத்தான் இருந்துச்சுன்னு பேப்பர்ல வந்துக்கிட்டேதான் இருக்கு. உன்னையும் அதையும் வேற வேற கூண்டுல போட்ருவாவ.

இப்ப போனை வெச்சுட்டு, உனக்குப் பாம்பு வித்தவனைக் கூப்புடு. மூணு கேள்வி கேளு: இது அவன்கிட்ட எலி தின்னுச்சா சுண்டெலி தின்னுச்சா, உசுரோடயா ஐஸ்லயா, கடைசியாத் தின்னது என்னைக்கு? சுண்டெலி தின்னு வளந்ததுல சிலது எலியை மோந்துகூடப் பாக்காது. வாங்குற அன்னைக்கே இதைக் கேட்டிருக்கணும். நீ கேட்டதெல்லாம் எந்தக் கலர்ல இருக்குன்னுதான்னு உங்க அம்மா சொன்னா.