கடை இணையத்தில், வியாபாரம் வாட்ஸப்பில்

இணையத்தில் கடை போட்டால் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்தே இருக்கும் என்பார்கள். உண்மைதான், கடை தூங்காது. கடைக்காரியும் தூங்க முடியாது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

கும்பகோணத்தில் எங்கள் மொட்டை மாடியில் காய்கிற கூழ் வத்தல், ஜவ்வரிசி வத்தல், வெங்காய வடகம் ஆகியவற்றை உலகத்துக்கே விற்பது என்று முடிவெடுத்தவன், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். "சித்தி, இதுக்குச் செம மார்க்கெட் இருக்கு. ஒரு சைட்டப் போட்டு லாஞ்ச் பண்ணிட்டா அதுவா ஓடும்" என்றான். அதுவாக ஓடும் என்று சொல்லப்பட்ட எதுவும் அதுவாக ஓடி நான் பார்த்ததில்லை. கிரைண்டரில்கூட யாராவது பக்கத்தில் நின்று மாவைத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது.

தனி ஆள் நிறுவனம் என்பதால் கூழ் கிண்டுவது, பிழிவது, காக்கை விரட்டுவது, கணக்கு எழுதுவது, பார்சல் ஒட்டுவது எல்லாம் நானே. பிளாஸ்டிக் கவர் சப்ளை செய்கிறவர் ஒருநாள் போனில், "அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்குக் குடுங்க மேடம்" என்றார். "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் கடுமையான குரலில் "ஹலோ" என்றேன். அதுவரை பாக்கியை உடனே கேட்டுக்கொண்டிருந்தவர், அக்கவுன்ட்ஸ் மேடத்திடம் மட்டும் "அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா" என்று இறங்கிவந்தார். அன்றிலிருந்து எங்கள் நிறுவனத்தில் கறாரான ஆள் அந்த மேடம்தான்.

அரசாங்கச் சடங்குகள் நான் பயந்த அளவுக்கு இல்லை. சிறு உணவுத் தொழிலுக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவுக்கு நான் கட்டியது ஆண்டுக்கு 100 ரூபாய். கிடைத்தது 14 இலக்க எண். அதற்குப் பிறகு வந்த லேபிள்தான் ஆளைக் கொன்றது. பெயர், முகவரி, சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த நாள், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், பேட்ச் எண், வரிகள் உட்பட அதிகபட்ச விலை, குறை சொல்ல ஒரு தொலைபேசி எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. இத்தனையையும் கால் கிலோ பாக்கெட்டில் ஒட்டியபோது உள்ளே இருக்கும் வத்தல் கண்ணுக்குத் தெரியவில்லை. என் மாமியார் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகையில கூட இவ்வளவு இருக்காதும்மா. சுற்றமும் நட்பும் மட்டும்தான் பாக்கி" என்றார்கள்.

அடுத்தது படம். வத்தல் விற்கிறவர்களைத் தவிர வேறு எந்த வியாபாரிக்கும் இந்தச் சங்கடம் வந்திருக்காது. பொரிக்காத வத்தலைப் படம் பிடித்தால் ஏதோ உடைந்த பீங்கான் மாதிரி இருக்கிறது, யாரும் வாங்க மாட்டார்கள். பொரித்த வத்தலைப் படம் பிடித்தால் பூவாய் விரிந்து அழகாக இருக்கிறது, ஆனால் நான் விற்பது அதுவல்ல. அக்கா மகன் சந்தேகமே இல்லாமல் பொரித்த படத்தைப் போட்டான். ஒரு வாடிக்கையாளர் பார்சலைப் பிரித்த சூட்டோடு எழுதினார்: "படத்தில் பெரிதாக இருந்தது. வந்தது மிகச் சிறியது. ஏமாற்று வேலை." எண்ணெயில் போட்டால் பெரிதாகும் ஐயா என்று பணிவாகத் தெரிவித்தேன். சிறிது நேர மௌனத்துக்குப் பிறகு பதில் வந்தது: "அப்படியானால் நீங்களே பொரித்து அனுப்பியிருக்கலாமே?"

லாஞ்ச் வைபவத்துக்கு வருவோம். ஆடி பிறந்துவிட்டால் மாமியார் எதையும் தொடங்க விட மாட்டார்கள். அதனால் அதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி என்று நாள் குறித்தோம். உறவுக்காரர்கள் அத்தனை பேருக்கும் வாட்ஸப்பில் அழைப்பு போயிற்று. 11 மணிக்குச் சாமி விளக்கை ஏற்றி, செல்போனுக்குப் பொட்டு வைத்துத் திறந்தால், "விரைவில்" என்கிறது தளம். 12 மணிக்கும் விரைவில். சாப்பிட்டுக் கை கழுவியபோதும் விரைவில். பிறகுதான் விஷயம் புரிந்தது. கடை கும்பகோணத்தில் இருந்தாலும் அதன் கடிகாரம் கிரீன்விச்சில் இருந்திருக்கிறது. நம்முடைய நேரம் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் போகிறது. ஆக, அந்தக் கடிகாரத்தில் பதினொன்றானபோது நமக்குச் சரியாக மாலை நாலரை. ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம் என்பது இந்த ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். அதில் ஒரு நிமிடம்கூட வீணாகாமல், ராகு காலம் தொடங்கிய கணத்திலேயே எங்கள் கடை திறந்தது.

மாமியார் என்ன சொல்லப்போகிறார்களோ என்று நடுங்கினேன். அவர்கள் அசரவில்லை. "பட்டீஸ்வரம் துர்க்கைக்கு விளக்குப் போடற நேரம்மா. அவ பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டு வத்தலை மூடப் போய்விட்டார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

முதல் ஆர்டர் உடனே வந்தது. பெயர் டெஸ்ட், ஊர் டெஸ்ட், தெரு அஆஇஈ. அக்கா மகன் சோதித்துப் பார்த்தானாம். அதற்கப்புறம் தளத்தில் மயான அமைதி. ஆனால் என் போன் விடாமல் அடித்தது. "சைட்டெல்லாம் எனக்கு வராதும்மா. ரெண்டு கிலோ எழுதிக்கோ, ஜிபே பண்ணிடறேன்" என்றார் மாமா. "ஓடிபி கேக்குது, பயமா இருக்கு" என்றார் பெரியம்மா. சின்ன நாத்தனார் படத்தையும் விலையையும் அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கே அனுப்பி, கீழே "விலை?" என்று கேட்டிருந்தாள். மாதக் கணக்கில் மெனக்கெட்டுக் கட்டிய கடையின் வாசல் வழியாக ஒருவரும் வரவில்லை, எல்லோரும் கொல்லைப்புறமாக வந்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் கெட்டிக்காரர்கள். தளத்தில் அட்டை மூலம் கட்டினால் பணம் வாங்கித் தரும் கம்பெனி நூற்றுக்கு 2 ரூபாய் போல எடுத்துக்கொள்ளும். அந்த 2 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. நேராக யுபிஐயில் அனுப்பினால் அந்தச் செலவே இல்லை. அதோடு தளத்தில் பேரம் பேச முடியாது. என்னிடம் முடியும். "நாங்களும் கும்மோணம்தான், பாத்துப் போட்டுக் குடுங்க" என்பவரிடம் எந்த மென்பொருளாலும் பதில் சொல்ல முடியாது. சித்தி ஒருவர் சாம்பிளுக்கு ஒரு கிலோ கேட்டார். பிடித்திருந்தால் கால் கிலோ வாங்குவாராம்.

இதையெல்லாம்விடக் கூரியர் கணக்குதான் எனக்குப் புது ஞானம். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அதில் வருவது நிஜ எடையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கட்டணம். நொறுங்காமல் போக வேண்டுமே என்று 30, 25, 20 அளவுள்ள பெட்டியில் தாராளமாகக் காகிதம் திணித்து அனுப்பினேன். கணக்குப்படி 3 கிலோ. உள்ளே இருந்தது ஒரு கிலோ வத்தல். மீதி 2 கிலோ காவிரிக்கரைக் காற்று, முழுக் கட்டணத்தில் டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது. சின்னப் பெட்டியில் அடைத்தால் கட்டணம் குறைகிறது, வத்தல் ரவையாகிறது. இதில் எதையாவது ஒன்றைத்தான் கடவுள் கொடுப்பார்.

ஐப்பசியில் இன்னொரு வேடிக்கை. வெளியே அடைமழை, உள்ளே ரசம் சோறு. உலகத்துக்கே அப்போதுதான் வத்தல் நினைவு வருகிறது. தளத்தில் கையிருப்பு 'அன்லிமிடெட்' என்று அக்கா மகன் பெருந்தன்மையாகப் போட்டு வைத்திருந்தான். சேலத்து ஜவ்வரிசி வேண்டிய மட்டும் கிடைக்கும், அதற்கு 2023-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்துவிட்டது. வெயிலுக்கு யாரிடம் ஆர்டர் போடுவது? "ட்ரையர் வாங்கலாம் சித்தி, ஸ்கேல் பண்ணலாம்" என்றான். மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்த பார்வையில் ஒரு தலைமுறைத் தொழில்முனைவோரே வாடியிருப்பார்கள். கையிருப்பைப் பூஜ்யமாக்கிவிட்டு, "சூரியன் வந்ததும் தொடர்புகொள்கிறோம்" என்று எழுதினேன். அதற்குத்தான் இதுவரை எந்த விளம்பரத்துக்கும் வராத அளவுக்குப் பாராட்டு வந்தது.

விமர்சனங்களில் ஒன்றை மட்டும் சட்டம் போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். "வத்தல் அருமை. எங்கள் வீட்டில் எண்ணெய் சரியாகக் காயவில்லை." அவர் வீட்டு எண்ணெய்க்கு என் நட்சத்திரம் இரண்டு போனது.

என் தீர்ப்பு இதுதான்: இணையதளம் இருக்கட்டும். "எங்களுக்கு சைட் இருக்கு" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருகிறார், பிறகு வாட்ஸப் நம்பர் கேட்கிறார். அந்த ஒரு நிமிர்தலுக்காகவே ஆண்டு வாடகை கட்டலாம்.

கடைசியாக, வாங்கப்போகிற உங்களிடம் ஒரு விண்ணப்பம். பேரம் பேசுங்கள், ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள், எண்ணெய் காயாததற்கு என்னைத் திட்டுங்கள். முகவரி என்ற இடத்தில் மட்டும் "பெருமாள் கோயில் பின்னாடி, பச்சைக் கேட்டு, வந்து போன் பண்ணுங்க" என்று எழுதாதீர்கள். நாட்டில் பெருமாள் கோயில்கள் நிறைய இருக்கின்றன. பின்கோடு 1972-ல் வந்துவிட்டது. மொத்தம் ஆறே இலக்கம். தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்றால் முதல் இலக்கம் 6, அதை நானே போட்டுக்கொள்கிறேன். மீதி ஐந்தையாவது எழுதுங்கள்.