வெள்ளை பீன்ஸ் டிப்: மூலமும் உரையும்

பாயிரம் சொல்லாமல் நூலுக்குள் நுழைவது நம் மரபில் இல்லை. சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகள் வேண்டும் என்று நன்னூல் கேட்கிறது. எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கிண்ணத்துக்குள் அடங்கிவிடுவதால் இங்கே நான்கு போதும். நுதலிய பொருள்: வெள்ளை பீன்ஸை வேகவைத்துப் பூண்டு, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் சேர்த்து மழமழவென்று அரைத்த டிப். கேட்போர்: மாலை ஆறு மணிக்கு விருந்தாளிகளை வரச் சொல்லிவிட்டுக் காலையிலிருந்தே கையைப் பிசைகிறவர்கள். எல்லை: வடக்கே ஃபிரிட்ஜ், தெற்கே பாத்திரம் கழுவும் தொட்டி. பயன்: ரொட்டிக்கும் வெள்ளரித் துண்டுக்கும் மூன்று நாளைக்குத் தொட்டுக்கொள்ளக் கவலையில்லை. ஆக்கியோன் பெயரை அவையடக்கம் கருதி விட்டுவிடலாம்.

இனி மூலம். ஓலைச்சுவடி எதிலும் கிடைக்க வாய்ப்பில்லாததால் நானே இயற்ற வேண்டியதாயிற்று:

ஊறிய பயற்றை உடையும் மட்டும்
வேவித்து வெந்நீர் சிறிதுடன் கூட்டிச்
சூடா றுமுன்னர் அரைத்துப் பின்னர்ப்
புளிப்பும் எண்ணெயும் பொருந்தச் சேர்ப்பின்
மழமழப் பெய்தும் மசியல் தானே.

நூலாசிரியரும் உரையாசிரியரும் ஒருவரே ஆதலால் இருவருக்கும் கருத்து வேறுபாடு இராது என்று எண்ணிவிட வேண்டாம். அது போகப் போகத் தெரியும்.

‘பயறு’ எனப் பொதுப்படக் கூறினாரேனும் ஈண்டு வெள்ளை பீன்ஸ் என்றே கொள்க. அதில் தலையாயது இத்தாலியின் கன்னெல்லினி. மளிகைக் கடையில் வெள்ளை ராஜ்மா என்று அளந்து தருவதும், அமெரிக்கக் கப்பற்படைக்குப் பல்லாண்டு சோறு போட்டதால் நேவி பீன்ஸ் என்று பெயர் வாங்கிய பொடிசும், எல்லாம் ஃபேசியோலஸ் வல்காரிஸ் என்ற ஒரே இனத்தின் வகைகள். நேவி பீன்ஸுக்கு அரசியல் செல்வாக்கும் உண்டு. வாஷிங்டனில் செனட் உணவகத்தில் அதன் சூப் தினமும் பரிமாறப்பட வேண்டும் என்பது நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். நம் டபுள் பீன்ஸ் இவற்றுக்குப் பங்காளி: ஃபேசியோலஸ் லூனேட்டஸ், ஆங்கிலத்தில் பெரு நாட்டு லிமா நகரின் பெயரைச் சுமப்பது. பங்காளியைக் கொண்டும் டிப் செய்யலாம். அதன் தோல் தகராறு தனி, பின்னர் வரும்.

இவை அனைத்தும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பிறகுதான் ஐரோப்பாவுக்கு வந்தன. அதற்கு முன் அங்கே அடுப்பில் வெந்தவை ஃபாவா பீன்ஸும், ஆப்பிரிக்காவிலிருந்து போன காராமணியும். அன்னிபாலே கராச்சி என்ற ஓவியர் 1580களில் வரைந்த ‘பீன்ஸ் தின்பவன்’ ரோம் நகரத்தில் கொலோன்னா ஓவியக்கூடத்தில் தொங்குகிறது. வாயருகே கரண்டியோடு ஒருவன் நம்மை முறைத்துக்கொண்டிருப்பான். அவன் கிண்ணத்தில் கிடப்பது கருங்கண் காராமணி என்றே பலரும் கொள்கிறார்கள். அதாவது, கன்னெல்லினி இத்தாலியின் குலதெய்வம் போலத் தோன்றினாலும் குடியேறி வந்ததே. நம் மிளகாய்க்கும் இதே வரலாறுதான். யாரும் அதைச் சொல்லிக்காட்டுவதில்லை.

வந்த பயிரை இழுத்து அணைத்துக்கொண்டவர்கள் டஸ்கனிக்காரர்கள். மற்ற இத்தாலியர்கள் அவர்களைப் பீன்ஸ் தின்னிகள் என்று கேலி செய்யும் அளவுக்கு. வைன் குடுவையில் பீன்ஸ், தண்ணீர், பூண்டு, சேஜ் இலை, ஆலிவ் எண்ணெய் இட்டு, அணையும் தணலில் இரவு முழுக்க வைத்துவிடுவது அவர்களுடைய பழைய முறை. காலையில் குடுவையிலிருந்து வெளியே வருவது ஏறக்குறைய டிப்தான். மிக்ஸியைத் தொடும் முன்பே வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும். இந்த முக்கால்வாசியை நினைவில் வைத்துக்கொள்க. வழக்கே அதில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு தடை எழுப்புவார் உளர். இது ஹம்முஸின் வழிநூல் அல்லவா? கொண்டைக்கடலைக்குப் பதில் பீன்ஸ் போட்டதைத் தனி நூல் என்று கொண்டாடுவது ஏன்? நல்ல கேள்வி. ஹம்முஸுக்கு உரிமை கோரி நாடுகள் மோதியிருக்கின்றன. 2010 ஜனவரியில் இஸ்ரேலின் அபு கோஷ் ஊரில் 4,000 கிலோவுக்கு மேல் ஹம்முஸ் ஒரே தட்டில் நிரப்பிக் கின்னஸ் சாதனை செய்தார்கள். அதே ஆண்டு மே மாதம் லெபனான் 10,452 கிலோவில் பதில் சொன்னது. லெபனானின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதால் அந்தக் கணக்கு. 2014இல் ஹம்முஸ் விற்கும் சாப்ரா நிறுவனம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் மனுக் கொடுத்தது: கொண்டைக்கடலையும், எடையில் ஐந்து சதவீதத்துக்குக் குறையாத தஹினி எனும் எள் விழுதும் இருந்தால்தான் ஹம்முஸ் என்று விற்கலாம் என வரையறுக்க வேண்டுமாம். அந்த இலக்கணப்படி வெள்ளை பீன்ஸ் எத்தனை குழைந்தாலும் அந்தக் குடும்பத்தில் சேராது. தடை எழுப்பியவர்களுக்கு எதிர்த் தரப்பே விடை சொல்லிவிட்டது.

முதனூல் வேறிடத்தில் இருக்கிறது. ருமேனியாவில் ‘ஃபசோலெ பத்தூத்த’ என்று ஒன்று உண்டு. வெள்ளை பீன்ஸைக் குழைய வேகவைத்துப் பூண்டும் எண்ணெயும் சேர்த்து அடித்து, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, தக்காளி விழுதும் மிளகாய்த் தூளும் கூட்டி மேலே பரப்புவார்கள். இறைச்சி, பால், முட்டை விலக்கிய ஆர்த்தடாக்ஸ் நோன்பு நாட்களில் வயிற்றைக் காப்பது இது. அதில் ஒரு துளி எள் விழுது கிடையாது. ஊற்றுவது பெரும்பாலும் சூரியகாந்தி எண்ணெய். உலக சாதனைக்கு ஆயிரக்கணக்கான கிலோ கிண்டியதாகவும் கேள்விப்படவில்லை. சண்டைக்கு ஆளில்லாத சொத்து என்பதால்தான் நம்மைப் போன்றவர்கள் துணிந்து உரை எழுத முடிகிறது.

‘ஊறிய’ என்றது எட்டு மணி நேரம். ஒரு கப் பீன்ஸுக்கு, அதாவது 200 கிராமுக்கு, ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு மேசைக்கரண்டி உப்பும். உப்புப் போட்டால் பயறு வேகாது என்ற பாட்டி வழக்கு உப்பைப் பொறுத்தவரை நிற்காது. உப்பிலுள்ள சோடியம் தோலில் இருக்கும் கால்சியம், மக்னீசியத்தை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்வதால் தோல் இளகுகிறது. வேகவிடாமல் அடிப்பது புளிப்பு. எலுமிச்சை, தக்காளி, புளி எதுவானாலும் பயற்றின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கரையவிடாது. போர்த் தண்ணீரும் அப்படியே. அதிலுள்ள கால்சியம் பெக்டினை இறுக்குகிறது. நூற்பாவில் புளிப்பு நான்காம் அடிக்குத் தள்ளப்பட்ட காரணம் இதுவே. யாப்பு நெருக்கடி அன்று.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில், கால் தேக்கரண்டி சமையல் சோடாவுடன் குக்கரில் ஏற்றுக. எத்தனை விசில் என்று கேட்பார்கள். விசிலை எண்ணி வேகவைப்பது நம் நாட்டுக் கணித மரபு. ஆனால் பீன்ஸ் அதற்குக் கட்டுப்பட்டதன்று. புதுச் சரக்கு ஆறு விசிலில் அடங்கும். வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்த ஊரில் மூட்டையிலேயே ஒரு கோடையைக் கழித்த சரக்கு பத்துக்கும் அசையாது. அந்த வெக்கையில் பயறு தானாகவே வேகா நிலைக்கு இறுகிவிடுகிறது. பொறுமையாக இன்னும் ஐந்து விசில் விடுக.

குக்கர் இல்லாமல் மெல்லிய சூட்டில் பலமணி நேரம் வைக்கும் மின்பானையில் செய்வோர் ஒன்று அறிக. ராஜ்மா வகைகளில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் உண்டு. சிவப்பில் மிகுதி, வெள்ளையில் அதன் மூன்றில் ஒரு பங்கு. நன்கு கொதித்தால் அழியும். அரைகுறைச் சூட்டில் அழியாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும். முதலில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்துவிட்டுப் பிறகு மின்பானைக்கு மாற்றுக. இவ்விடத்தில் உரையாசிரியர் நகைச்சுவையை ஒதுக்கி வைக்கிறார்.

‘உடையும் மட்டும்’ என்பதே நூற்பாவின் உயிர். வெந்தது என்பது வேறு, உடைந்தது என்பது வேறு. முழுதாக இருந்து விரலுக்கு நசுங்கினால் அது சுண்டலுக்கு ஆகும். டிப்புக்குத் தோல் வெடித்து, கரண்டி பட்டாலே உருக்குலைந்து, அடியில் குழம்பாக நிற்க வேண்டும். ‘குழைந்துவிட்டதே’ என்று மற்ற நாளில் மாமியார் முகம் சுளிக்கும் நிலை எதுவோ, அதற்கும் ஒரு படி கீழே. மழமழப்பு எண்ணெயிலிருந்து வருகிறது என்று நம்பிப் பாட்டிலைக் கவிழ்ப்பவர்கள் மிகப் பலர். எண்ணெய் தருவது மணமும் பளபளப்பும். மழமழப்பைத் தருவது வெந்து உப்பிய மாவுச்சத்து. வேகாத பீன்ஸில் எத்தனை எண்ணெய் ஊற்றினாலும் மணல் மணலாகத்தான் வரும். அதில் கிரீம் சேர்த்து மறைப்பவர்களைப் பற்றி இக்கட்டுரை பேச விரும்பவில்லை.

இனித் தோல் வழக்கு. உரிப்போர் ஒரு கட்சி, உரியார் ஒரு கட்சி. உரிப்போர் ஒவ்வொன்றாகக் கிள்ளி, ஒரு மணி நேரம் கழித்துக் கூன்முதுகோடு எழுந்து, தங்கள் டிப்பே டிப் என்பார்கள். உரியார் மிக்ஸி எதற்கு இருக்கிறது என்பார்கள். தீர்ப்பு பயற்றைப் பொறுத்தது. கன்னெல்லினி, நேவி வகைகளின் தோல் மெல்லியது. உடைய வேகவைத்தால் தோல் இருந்ததே தெரியாது. அதை உரிப்பது தவம் செய்ய வேறு இடம் கிடைக்காதவர்களின் வேலை. டபுள் பீன்ஸின் தோல் தடிமன்; எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் தட்டும். வெந்ததும் இரு விரலால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும், உரித்துவிடுக.

‘சூடாறு முன்னர்’ என்றதனால் கொதிக்கக் கொதிக்க என்று பொருள் கொள்வார் சிலர். அவர் சமையலறைக் கூரையைப் பார்த்தாலே தெரியும். மூடிய ஜாருக்குள் ஆவி மூடியைத் தூக்கி எறியும். கை பொறுக்கும் சூடு, ஜாரில் பாதி அளவு. ஆறவிட்டாலோ மாவுச்சத்து இறுகத் தொடங்கி அரைபடுவதற்கு அடம் பிடிக்கும். ‘வெந்நீர் சிறிதுடன்’ என்றது பீன்ஸ் வெந்த நீரில் இரண்டு கரண்டி. எடுத்தவுடன் நிறைய ஊற்றினால் பயறு பிளேடிலிருந்து நழுவிச் சுற்றும். சட்னி அரைக்கத் தெரிந்த எவருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. மேல்நாட்டுக் குறிப்புகள் ஃபுட் பிராசஸரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதன் அகன்ற பாத்திரத்தில் ஓரத்தில் ஒட்டியதை நான்கு முறை வழித்துவிட வேண்டும். 1960களில் சத்ய பிரகாஷ் மாத்தூர் சுமீத் மிக்ஸியை வடிவமைத்தபோது வெள்ளை பீன்ஸை நினைத்திருக்க மாட்டார். ஆயினும் குறுகிய சட்னி ஜாரில் இந்த வேலை இரண்டே நிமிடம்.

‘புளிப்பும் எண்ணெயும்’ என்றார். உப்பும் பூண்டும் கூறாதது என்னை? எச்சவும்மையால் தழுவிக்கொள்ளப்பட்டன என்று காப்பாற்றலாம். உண்மையில் நூலாசிரியர் மறந்துவிட்டார். பூண்டு இரண்டு பல். நசுக்கும்போது அதிலுள்ள நொதி வேலை செய்து காரமான அல்லிசினை உண்டாக்குகிறது. புளிப்பு அந்த நொதியை அடக்கும். எனவே எலுமிச்சைச் சாற்றிலேயே பூண்டை நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துச் சேர்த்தால் மணம் இருக்கும், மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி காலியாகாது. ஆலிவ் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. எக்ஸ்ட்ரா வெர்ஜின் வகையை மிக்ஸியில் நெடுநேரம் ஓடவிட்டால் கசப்பு ஏறும். கடைசியில் கரண்டியால் கலக்குக. இங்கே ‘பொருந்தச் சேர்ப்பின்’ என்பதற்கு மிக்ஸியில் ஓட்டுக என்று நூலாசிரியர் கருதியிருந்தால் உரையாசிரியர் உடன்படவில்லை. ரோஸ்மேரி நீலகிரியில் விளைகிறது, கிடைத்தால் எண்ணெயில் பொரித்துத் தூவலாம். கறிவேப்பிலை தூவுவோரைத் தடுக்க என்னிடம் அதிகாரம் இல்லை.

பரிமாறுவது பற்றி ஒரு சொல். கடித்த சிப்ஸை மறுபடி கிண்ணத்தில் தோய்க்கலாமா என்ற வினாவை 1993இல் ‘சைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்கத் தொடர் எழுப்பியது. பின்னர் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைச் சோதனைக்கூடத்துக்கே கொண்டுபோய், கடித்துத் தோய்த்தால் வாயிலுள்ள பாக்டீரியா கிண்ணத்துக்குப் போகிறது என்று நிறுவினார்கள். எச்சில் பார்க்கும் வீடுகளில் இந்த ஆராய்ச்சிக்குச் செலவு ஏதும் இல்லை. கரண்டியால் அவரவர் தட்டில் எடுத்து வைக்கவும்.

ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் மூன்று, நான்கு நாள் தாங்கும். மறுநாள் நிச்சயம் கெட்டிப்பட்டிருக்கும். குளிரில் மாவுச்சத்து மறுபடி இறுகுவதால் அப்படி. எண்ணெய் ஊற்றி இளக்க முயல வேண்டாம். பீன்ஸ் வெந்த நீரைச் சூடாக்கி ஒரு கரண்டி விட்டுக் கிளறினால் பதம் திரும்பும். ஆகவே வடித்த நீரில் ஒரு டம்ளரையாவது எடுத்து வையுங்கள், கொட்டிவிடாதீர்கள்.