செமஸ்டர் அண்ணாச்சி

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் அச்சங்குளம் டீக்கடையில் செமஸ்டர் அண்ணாச்சிக்கு ஒரு வாரம் டீ இலவசம். கடைக்காரர் தருவதில்லை, பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பப்போகும் அப்பாக்கள் வாங்கிக் கொடுப்பது. அண்ணாச்சி பட்டாசுக் கடையில் பில் போடுகிறவர். பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவர். 'முடித்தவர்' என்று அவரும் சொன்னதில்லை, ஊரும் கேட்டதில்லை. யாராவது அலைடு மேத்ஸ் பேச்சை எடுத்தால் மட்டும் டீ கிளாஸுக்குள் குனிந்து பார்ப்பார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு மத்தாப்புப் பெட்டி அட்டை இருக்கும். அச்சடிக்காத பக்கத்தில் ஆறு கட்டம் போடுவார். ஆறு செமஸ்டர், 140 கிரெடிட். "பார்ட் ஒண்ணு தமிழ். ரெண்டு இங்கிலீஷ். மூணுலதான் பிசிக்ஸே வருது. நாலுல சுற்றுச்சூழல், நான்-மேஜர் எலெக்டிவ். அஞ்சு, என்.எஸ்.எஸ். கேம்ப். சீமைக்கருவேலத்த வெட்டணும்."

"அத நம்ம காட்டுலயே வெட்டலாமே அண்ணாச்சி?"

"வெட்டலாம். கிரெடிட் கிடையாது."

எந்தக் கல்லூரி என்று கேட்டால் வருஷத்தோடு வரும். விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963. ரெண்டும் தன்னாட்சி, சிலபஸ் அவர்களே போடுவார்கள், பட்டத்தில் மட்டும் மதுரை காமராஜர் பல்கலைக்கழகம் என்றிருக்கும். லேப் கதை தனி. "நியூட்டன் ரிங்ஸ்னு ஒண்ணு. மைக்ராஸ்கோப்ல கண்ண வச்சு வளையத்த எண்ணணும். பதினெட்டு எண்ணியிருப்போம், எவனாவது 'சாப்டியாலே'ம்பான். மறுபடி ஒண்ணுலருந்து." டிகிரிக்குப் பிறகு என்ன என்றால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' எழுதச் சொல்வார். பன்னை டீயில் முக்கிக்கொண்டிருந்த ஒரு அப்பா ஒருநாள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

அவர் திட்டத்தில் ஒரே ஒரு விதிதான் கறார். "மொத செமஸ்டர்ல கணக்க விட்டா சத்தமே கேக்காது. அஞ்சாவதுல குவாண்டம் மெக்கானிக்ஸ் வரும்போதுதான் வெடிக்கும். திரி அங்க, வெடி இங்க." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் அட்டையைப் பார்ப்பதில்லை.

போன வருஷம் ஒரு பெண் வந்தது, அம்மாவோடு. அம்மா பட்டாசு ஆலையில் வேலை. "மருந்துப் பக்கம் மட்டும் இவ வந்துரக் கூடாது அண்ணாச்சி. என்ன படிக்கலாம்?" என்றார். அண்ணாச்சி கட்டம் போட ஆரம்பித்தார். மூன்றாவது கட்டத்தில் இருந்தபோது பெண் குறுக்கிட்டது.

"எங்கம்மா சொல்வாங்க, ஸ்ட்ரான்ஷியம் போட்டா செவப்பு, பேரியம்னா பச்ச. 2018-ல சுப்ரீம் கோர்ட்டு பேரியத்தத் தடை பண்ணிருச்சு. வேற எதையாவது போட்டு அதே பச்சய எடுக்கிறது லேசுல்லயாம். ஏன் அண்ணாச்சி ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர்?"

அண்ணாச்சி விரலால் அட்டையைத் தடவினார். "அது அஞ்சாவது செமஸ்டர், தாயி. அட்டாமிக் பிசிக்ஸ்."

"சரி, பதில் என்ன?"

"நாலு கிரெடிட்."

அண்ணாச்சியின் அறிவு தபால்காரர் அறிவு. எந்தக் கேள்வி எந்தத் தெருவில் எத்தனையாம் நம்பர் வீட்டில் குடியிருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும்; உள்ளே போய் உட்கார்ந்து பேசியதில்லை. சூட்டில் எலக்ட்ரான் மேல்படிக்கு ஏறி, கீழே குதிக்கும்போது அந்த உயரத்துக்கேற்ற நிறத்தை விடுகிறது என்று 1913-இல் நீல்ஸ் போர் காட்டிய வழியை நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பெண் முகத்தைப் பார்த்தால், பதில் கிடைத்துவிட்டால் படிக்காமல் போய்விடுமோ என்று தோன்றியது.

"அஞ்சாவது வரைக்கும் காத்திருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, அதுவே அந்தக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டது. அண்ணாச்சி பேனாவைத் திரும்ப வாங்கினார். முதல் கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்த 'அலைடு மேத்ஸ்' மேலேயே மறுபடி எழுதினார். மத்தாப்புப் பக்கத்திலும் தெரிகிற அழுத்தம்.