எந்தத் தலைப்புக்கும் ஒரே தாத்தா

வெள்ளிக்கிழமை சாயங்காலம் 48 மணி நேரக் குறும்படப் போட்டியின் தலைப்பு வெளியான கையோடு நம் இயக்குநர் போன் போட்டுவிடுவார். "அண்ணே, நம்ம கதைக்கு அப்படியே பொருந்துது!"

பொருந்தாமல் எங்கே போகும்? அவரிடம் இருப்பதே ஒரு கதைதான். மொட்டை மாடியில் ஒரு தாத்தா. பக்கத்தில் குடை. மகன் வெளிநாட்டில். கடைசியில் மழை வரும், தாத்தா குடையை விரிக்க மாட்டார். ஏன் விரிக்கவில்லை என்று கேட்டால், "அதுதாண்ணே லேயர்."

2001-ல் வாஷிங்டனில் 48 மணி நேரப் படப் போட்டியைத் தொடங்கியவர்கள் விவரமானவர்கள். பழைய சரக்கோடு யாரும் வந்துவிடக் கூடாதே என்று, சீட்டெடுத்துக் கதை வகையைக் கொடுத்தார்கள். கூடவே ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசனம் மூன்றும் கட்டாயம். அவர்கள் நம்மவரைப் பார்த்ததில்லை.

திகில் வந்தால் தாத்தா ஏற்கெனவே செத்தவர். காதல் வந்தால் குடை பாட்டியுடையது. அறிவியல் புனைகதை வந்தபோது மகன் செவ்வாய்க்குப் போனான், குடைக் கம்பி ஆண்டெனா ஆனது. ஒருமுறை கட்டாயப் பொருள் கரண்டி. தாத்தா படம் முழுக்கக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாராவது கேட்டிருந்தால் அதுவும் லேயர்தான்.

அந்தத் தாத்தா நான். தாடி நரைத்த பாவம். "உங்க முகத்துல ஒரு சோகம் இருக்குண்ணே" என்பார். இருக்காதா? காலை டிபன் பதினொன்றரைக்கு வருகிறது.

நள்ளிரவுக்கு மேல் டீ குடித்துக்கொண்டே, "கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி எல்லாம் 'நாளைய இயக்குநர்' டிவி ஷோவுலேர்ந்து வந்தவங்கதானே" என்று ஆரம்பிப்பார். வந்தார்கள்தான். வாராவாரம் அதே தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

ஆனால் மழை ஷாட்டில் அவரைப் பார்க்க வேண்டும். ஹோஸ் பைப்பைத் தானே பிடித்துக்கொண்டு, தொப்பலாக நனைந்து, மானிட்டரைப் பார்த்துக் கண் கலங்குவார். எத்தனை முறை எடுத்தாலும் அதே இடத்தில் கலங்குவார். அந்த நேரத்தில் திட்ட எனக்கு வாய் வருவதில்லை.

எடிட்டிங் பையன் விஷயம் வேறு. விஸ்காம் படிக்கிற பிள்ளை. ஞாயிறு மாலைக்குள் படத்தைக் கொடுக்க வேண்டும், ஃபுட்டேஜ் அவன் கைக்கு வருவது மத்தியானம். லேப்டாப் கொதிக்கிறது, ரெண்டர் பாதியில் நிற்கிறது, இவரோ பின்னால் நின்று, "தம்பி, அந்த மழையை ரெண்டு செகண்ட் இழு" என்கிறார். இந்தத் தடவை இழுத்த இழுப்பில் கெடு தாண்டிவிட்டது. படத்தைத் திரையிட்டார்கள், பரிசுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

திரையில் கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் என்று இவர் பெயர் நாலு தடவை வந்தது. பையன் பெயர் 'நன்றி'யில், டீக்கடைக்கும் அபார்ட்மென்ட் செக்ரட்டரிக்கும் நடுவில், அதுவும் இனிஷியல் தப்பாக. ரெண்டு ராத்திரி ஃபுட்டேஜுக்காகக் கண் விழித்துக் காத்திருந்தவனுக்கு வீடு போக ஆட்டோவுக்குக்கூடக் காசு கொடுக்கவில்லை. இதில் என்ன லேயர் என்று நான் இன்னும் கேட்கவில்லை, கேட்கத்தான் போகிறேன்.