களை என்றார்கள், தங்கமும் தந்தார்கள்

கே: நர்சரிக்குப் போவது செடி வாங்க. டிக்கெட் எடுத்துச் சுற்றிப் பார்க்கிற நர்சரியும் உண்டாமே?
(கோவை வாசகர்)

ப: இங்கிலாந்தில் உண்டு. எஸ்ஸெக்ஸ் மாவட்டம், கோல்செஸ்டர் பக்கத்தில் எல்ம்ஸ்டெட் மார்க்கெட். பெத் சாட்டோ என்ற பெண்மணி 1960-இல் அங்கே தோட்டம் போட ஆரம்பித்தார், 1967-இல் நர்சரி. கடைக்கு அவர் வைத்த பெயரே 'அன்யூஷுவல் பிளான்ட்ஸ்'. டிக்கெட் தோட்டத்துக்குத்தான். பார்த்துவிட்டு வருகிறவர் வெறுங்கையோடு திரும்புவாரா என்ன!

கே: நல்ல கரிசல் பூமியோ?
(விருதுநகர் வாசகர்)

ப: கணவர் ஆண்ட்ரூ பழப்பண்ணைக்காரர். 'இதில் ஒன்றும் விளையாது' என்று ஒதுக்கிப் போட்ட நிலம் அது. ஒரு பக்கம் சொட்டுத் தண்ணீர் நிற்காத சரளை, பள்ளத்தில் கால் புதைகிற சதுப்பு. பெத் மண்ணோடு சண்டைக்குப் போகவில்லை. ஓடையை மறித்துக் குளங்கள் வெட்டி, கரையில் ஈரம் விரும்பும் செடிகளை வைத்தார். மேட்டில் வறட்சி தாங்குபவை, மர நிழலில் நிழல் செடிகள். எந்தச் செடி எந்தக் காட்டில், எந்த மலையில் பிறந்தது என்று வருஷக்கணக்காகப் படித்து வைத்திருந்தவர் ஆண்ட்ரூ. படிப்பு அவருடையது, மண்வெட்டி அம்மாவுடையது. நர்சரியிலும் செடிகளை வெயில், நிழல், ஈரம் என்று பிரித்துத்தான் வைக்கிறார்கள். வாங்குகிறவருக்குத் தன் வீட்டு மண் தெரிந்தால் போதும். வாய்ச் சவடால் விற்பனையாளர் பத்துப் பேரைவிட இந்த ஏற்பாட்டை நான் நம்புவேன்.

கே: தோட்டக்கலையில் பட்டம் வாங்கியவரா?
(திருச்சி வாசகி)

ப: படித்தது ஆசிரியர் பயிற்சி. பூ அலங்காரத்தில் இறங்கியபோது, தனக்குப் பிடித்த செடிகள் எந்தக் கடையிலும் இல்லை என்று தெரிந்தது. கன்றும் விதையும் கொடுத்துப் பழக்கியவர்களில் ஓவியர் செட்ரிக் மாரிஸ் முக்கியமானவர். 'இந்த வீட்டில் இருக்கிறவரை உனக்கு நல்ல தோட்டம் அமையாது' என்று முகத்துக்கு நேராகவே சொன்னாராம். வீட்டையே மாற்றிவிட்டார்!

கே: பரிசு, பதக்கம்?
(சேலம் வாசகர்)

ப: லண்டன் கண்காட்சி ஒன்றில் இவருடைய செடிகளைப் பார்த்த நடுவர் ஒருவர், 'இதெல்லாம் களை' என்று ஒதுக்கப் பார்த்தாராம். பெரிய பெரிய வண்ணப் பூக்களுக்குப் பழகிய கண். பிறகு செல்சி மலர்க் கண்காட்சியில், 1977 தொடங்கி, அதே 'களை' பத்துத் தங்கப் பதக்கங்கள் வாங்கியது.

கே: தண்ணீரே ஊற்றாத தோட்டம் என்கிறார்கள். கதைதானே?
(ராமநாதபுரம் வாசகர்)

ப: கதையில்லை. பழைய கார் நிறுத்துமிடத்தை 1990-களின் தொடக்கத்தில் சரளைத் தோட்டமாக மாற்றினார். இறுகிப்போன தரையை உடைத்துக் கிளறி, மக்கு உரம் கலந்து, நட்டபோது மட்டும் தண்ணீர் விட்டு, மேலே சரளையையே மூடாக்காகப் பரப்பினார். அதோடு சரி, குழாய்க்கு ஓய்வு. அந்த வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 20 அங்குலம்தான் மழை. உங்கள் மாவட்டத்தில் இதைவிட அதிகம் பெய்கிறது! ஆனால் உங்கள் வெயில் அங்கே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். யூஃபோர்பியா, அல்லியம், வெர்பாஸ்கம் என்று எல்லாம் தாக்குப்பிடிக்கிற ஜாதி. வாடிச் செத்ததற்கு அனுதாபம் கிடையாது, அந்த இடம் வேறு செடிக்கு.

கே: இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?
(தஞ்சை வாசகர்)

ப: பெத் 2018-இல், 94 வயதில் காலமானார். பொறுப்பு பேத்தியிடம்.

கே: அங்கே இருப்பதில் விசித்திரமான செடி எது?
(நாகர்கோவில் வாசகி)

ப: 'மிஸ் வில்மாட்டின் பேய்'. வெள்ளி நிறம், முள் கழுத்துப்பட்டி, விதை போட்டதும் செத்துவிடும். எலன் வில்மாட் என்ற எஸ்ஸெக்ஸ் சீமாட்டி, பார்க்கப் போன தோட்டங்களிலெல்லாம் யாருக்கும் தெரியாமல் இதன் விதையைத் தூவிவிட்டு வருவாராம். அம்மாள் கிளம்பிப் போன பிறகு பேய் முளைக்கும்.

கே: அந்த விதை எங்கே கிடைக்கும்? அடுத்த வாரம் நாத்தனார் வீட்டுக்குப் போகிறேன்.
(சென்னை வாசகி)

ப: முளைக்க அதற்கு ஒரு நல்ல குளிர்காலம் வேண்டும். நாத்தனார் ஊட்டியில் இல்லையென்றால் வேறு செடி பாருங்கள். பார்த்தீனியம் வேண்டாம், உங்களுக்கு முன்பே அது அங்கே போயிருக்கும்.